எல் என்றால் லெஃப்ட்

கோல்ஃப் கிளப்பின் தண்டில் இனிமேல் எழுத்து வராது, எண்தான் வரும் என்பது போன மாதம் வந்த சரக்கைப் பிரித்தபோது தெரிந்தது. தண்டு என்று எழுதுகிறேனே தவிர எங்கள் பட்டறையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ஷாஃப்ட் என்றுதான் சொல்வோம். வீசும்போது அந்த ஷாஃப்ட் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் காட்ட இதுவரை ஆர், எஸ், ஏ, எல் என்று நான்கு எழுத்துகள் இருந்தன. இனி ஐந்து, ஐந்தரை, ஆறு என்று எண்களாம். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "நல்லதாப் போச்சு சார், குழப்பமே இல்ல" என்றார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் உங்கள் சாப்பாட்டு நேரம் போய்விடும், எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் வெங்காயம் உரிக்கும் வேலை நிரந்தரமாக என் தலையில் விழுவதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன்.

நான் அடிப்படையில் டர்னர். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்து நான்கு வருடம் லேத் ஓட்டியவன். கம்பெனியை மூடியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயதில் ஒரு டர்னர் வேலை கேட்டுப் போனால், 'பையனுக்கா கேக்குறீங்க?' என்று விசாரிப்பார்கள். அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் எஸ்டேட்டின் கோடியில் இருந்த ஒரு தெருவில் அந்தப் பலகையைப் பார்த்தேன். 'கோல்ஃப் கிளப் ரிப்பேர். ஆள் தேவை.'

கிளப் என்றால் எனக்குத் தெரிந்தது கட்டடம். அதில் நாலு மேசை, சீட்டுக்கட்டு, சுவரில் ஒரு கடிகாரம். அதை ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும் என்றால் ஒழுகும் கூரை, உடைந்த ஜன்னல் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். "சுண்ணாம்பு அடிக்கறதும் தெரியும் மேடம், மத்த வேலையும் தெரியும்" என்றேன். அவர் இரும்புத் தலை வைத்த ஒரு நீண்ட கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். "கிளப்னா இதுதான். இதுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேணாம். எத்தனை மில்லிமீட்டர் கனம்னு கண்ணால பாத்துச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

நெமிலிச்சேரியில் இருந்த என் மாமியாருக்கு இந்தச் செய்தி வேறு மாதிரியாகப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, காலையில் எழுந்ததும் குளித்துவிட்டு கிளப்புக்குப் போகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் மாங்காடு அம்மன் கோயிலுக்கு நடையாக நடந்து, மாப்பிள்ளை கிளப்பை விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அம்மன் அந்த ஒரு வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த அம்மாள்தான் பிலோமினா மேடம், எங்கள் முதலாளி. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் இடத்தில் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அவருடைய கணவர் வீட்டுக் கொல்லையில் அதிகாரிகளின் கோல்ஃப் கிளப்புகளைப் பழுது பார்த்துக் கொடுத்துவந்தார். அவர் காலமான பிறகு மேடம் வேலையை விட்டுவிட்டு அதையே பட்டறை ஆக்கினார். தையலை எண்ணிய கண்கள் அல்லவா, ஷாஃப்ட்டில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் வேலை அவருக்குப் பிடித்திருந்தால், "டேய் குணா, இங்க வாடா" என்பார். சுமாராக இருந்தால் குணா. தப்பு செய்தால் குணசேகரன். பெரிய தப்பு செய்தால் குணசேகரன் சார். அதற்கும் மேலே ஒரு படி இருந்தது. குரலைத் தாழ்த்தி, முகத்தில் புன்னகையோடு, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்பார். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்போம்.

கைப்பிடிக்கு ரப்பர் கிரிப் போடும் பிரிவில் இருந்த தணிகாசலம் முதல் நாளே என்னை எச்சரித்தான். பூந்தமல்லிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணாத்தே, இத்த மட்டும் கேட்டுக்கோ. மேடம் டீ சாப்புடுறீங்களான்னு கேட்டாங்கனா, வோணும்னும் சொல்லாத, வாணாம்னும் சொல்லாத. வாசப்பக்கமா நவுந்துகினே இரு."

"கூட பன்னும் வாங்கியாரச் சொன்னா?" என்றேன் விளையாட்டாக.

"பன்னு வந்துச்சின்னா முடிஞ்சிது. ஊட்டுக்குப் போயி வேற வேலை பாக்க வேண்டிதான்."

பயிற்சி ஆறு மாதம். அதில் எழுத அதிகம் இல்லை. தலையை ஷாஃப்ட்டோடு ஒட்டும் பசையை இரண்டு டப்பாவிலிருந்து சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க அசையாமல் காய விட வேண்டும். அந்த இணைப்பில் மாட்டும் கறுப்பு வளையத்துக்கு ஃபெரூல் என்று பெயர், தணிகாசலம் அதை மோதிரம் என்பான். ரப்பர் கிரிப்பை இருபுறமும் ஒட்டும் டேப்பின் மேல் கரைப்பானை ஊற்றி ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் அங்கேயே நின்றுவிடும். என் முதல் கிரிப் இன்னமும் அப்படித்தான் பாதியில் நிற்கிறது, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கிளப்பின் அடிப்பாகம் தரையில் உட்காரும் சாய்வை லை என்பார்கள். "லை சரியா இருக்கா பாரு" என்று மேடம் முதல் தடவை சொன்னபோது, மறந்தும் பொய் பேசாத இந்த அம்மாள் எந்தப் பொய்யைச் சரிபார்க்கச் சொல்கிறார் என்று அரை மணி நேரம் யோசித்தேன்.

ஷாஃப்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் மேடம் யாருக்கும் தரவில்லை. வாடிக்கையாளர் வீசுவதைப் பார்த்து, அலமாரியிலிருந்து அவரே எடுத்துக் கொடுப்பார். அலமாரியில் நான்கு அறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். தவிர, இருபத்து நான்கு வருடம் லேத்தில் நின்றவனுக்கு இதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் தொழிலில் ஆர் என்றால் வலது, எல் என்றால் இடது. வலது மரை, இடது மரை. வலது டூல், இடது டூல். ஆக ஆர் ஷாஃப்ட் வலது கைக்காரருக்கு, எல் ஷாஃப்ட் இடது கைக்காரருக்கு. ஆர் அறையில்தான் சரக்கு நிறைய இருந்தது, உலகத்தில் வலது கைக்காரர்கள்தானே அதிகம். எஸ் என்றால் ஸ்ட்ரெயிட், பந்தை நேராக அடிப்பவர்களுக்கு. ஏ என்றால் ஆல், எல்லாருக்கும் பொருந்தும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். தப்பான ஒன்று இவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கர்னல் வந்தார். பெயர் வேண்டாம், கர்னல் என்றே வைத்துக்கொள்வோம். மாயவரம் பக்கத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகு பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். அறுபத்தெட்டு வயது, பெரிய மீசை, இடது கை ஆட்டக்காரர். முழங்கை வலிக்கு டாக்டர் இரும்பு ஷாஃப்ட்டை விடச் சொல்லிவிட்டதால், ஏழு கிளப்புக்கும் எடை குறைந்த கிராஃபைட் ஷாஃப்ட் மாற்ற வேண்டும் என்றார். மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம் என்பதையும் அவரே சொன்னார். அவருடைய மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மருமகளின் அப்பா ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், அவரும் கோல்ஃப் பைத்தியம். சம்பந்திகள் இருவரும் வருடத்துக்கு ஒருமுறை மோதுவார்கள், ஐந்து வருடமாக சம்பந்திதான் ஜெயிக்கிறார். இப்போது குழந்தைக்குத் தன் அம்மா பெயர் தையல்நாயகியை வைக்க வேண்டும் என்கிறார் கர்னல். தன் அம்மா பெயர் கோமளவல்லிதான் என்கிறார் சம்பந்தி. பெற்றவர்கள் இரண்டெழுத்தில் நவீனமாக ஏதோ வைத்திருந்தார்களாம், அதை யாரும் கேட்கவில்லை. பேசிப் பேசி ஓய்ந்து, ஆட்டத்தில் ஜெயிப்பவர் சொல்லும் பெயர் என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை பெயர் சூட்டு விழா.

"அப்பா போனப்புறம் எங்கம்மா முறுக்கு வித்து என்னை ஆளாக்கினாங்கம்மா" என்றார் கர்னல், மேடத்திடம். "அந்தப் பேர வீட்டுக்குள்ள இன்னொரு தடவை யாராவது கூப்பிடறத நான் கேக்கணும். அவ்ளோதான்." சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவருக்கு என் கையால் மிகச் சரியான வேலை செய்து கொடுக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன். தீர்மானம்தான் என்னைக் கெடுத்தது.

மேடம் இந்த முறை ஷாஃப்ட்டை எடுத்துத் தராமல், வேலைச் சீட்டை மட்டும் எழுதி வைத்துவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்விட்டார். திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகும். சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'இடது கை. ஏழு கிளப். கிராஃபைட். ஆர்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கை என்று எழுதிய அதே வரியில் ஆர். மேடம் தப்பு செய்துவிட்டார்! பாவம், கல்யாண அவசரம், மனிதர்தானே. முதலாளியின் தவறை நாலு பேருக்குத் தெரியாமல் சரிசெய்வதுதான் நல்ல தொழிலாளியின் இலக்கணம் என்று எண்ணி, ஆர் என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எல் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். எல் அறையில் மிகச் சரியாக ஏழு கிராஃபைட் ஷாஃப்ட்டுகள் இருந்தன. ஆண்டவனே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று பசையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். புதன்கிழமை கர்னல் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் வந்தார். கல்யாண மக்ரூனை எல்லாருக்கும் கொடுத்தார். சீட்டுகளைப் புரட்டினார். ஒரு சீட்டில் விரல் நின்றது. எழுந்து போய் எல் அறையைப் பார்த்தார். காலி. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குணசேகரன் சார்."

"மேடம்?"

"இந்தக் கோடு நீங்க போட்டதுங்களா?"

"ஆமா மேடம். அவசரத்துல மாத்தி எழுதிட்டீங்க. நானே பாத்து சரி பண்ட்டேன். பரவால்ல மேடம், யாராண்டயும் சொல்லல."

மேடம் புன்னகை செய்தார். "ரொம்ப நன்றிங்க. டீ சாப்பிடறீங்களா?"

தணிகாசலம் கையிலிருந்த கிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தான். அவனைத்தான் மேடம் டீக்கடைக்கு அனுப்பினார். பன்னும் வாங்கி வரச் சொன்னார்.

டீ குடித்தேன். பன் தொண்டையில் நின்றது. நான் முழுசாக விழுங்கும் வரை மேடம் காத்திருந்துவிட்டுச் சொன்னார். ஆர் என்றால் ரெகுலர், சாதாரண வளைவு. எஸ் என்றால் ஸ்டிஃப், விறைப்பு. ஏ வயதானவர்களுக்கு. எல் என்றால் லேடீஸ். எல்லாவற்றையும்விட நன்றாக வளையும், பெண்கள் ஆடுவது. ஷாஃப்ட்டில் இடது வலது என்று ஒன்றே கிடையாது. அது தலையைப் பொறுத்தது.

நான் ஒரு கர்னலின் கையில், அவருடைய அம்மாவின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு, ஏழு லேடீஸ் ஷாஃப்ட்டுகளைக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னா மேடம் பண்றது?" என்றேன்.

"தப்பு நம்மளது. அவர் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாம போயிச் சொல்லணும். கெளம்புங்க."

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஏழு ஆர் ஷாஃப்ட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி பருத்திப்பட்டுக்குப் போனேன். திருமுல்லைவாயிலில் சிக்னல் விழுந்தபோது பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னாண்ணே, ஸ்கிரீன் மாட்ற கம்பியா? நம்ம ஊட்டுக்கும் வோணும்" என்றார். நாற்பத்தேழு வயதில் மறுபடியும் எந்தப் பலகையைத் தேடிப் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கர்னல் வீட்டு வாசலில் இன்னொரு மனிதர் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் சம்பந்தி. பேத்தியைப் பார்க்க வந்தவர், கர்னலை வம்பிழுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கர்னல் துள்ளி எழுந்தார்.

"வாங்கம்மா! என்னம்மா மந்திரம் போட்டீங்க? நேத்து ஆடிப் பாத்தேன், பந்து வழக்கத்தைவிட இருபது கஜம் தள்ளிப் போய் விழுது! முழங்கை வலியே தெரியல!"

மேடம் வாயைத் திறந்தார். ஆனால் கர்னல் விடவில்லை. ஒரு கிளப்பை எடுத்துவந்து சம்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருய்யா, என்ன எழுதியிருக்கு? எல். இடது கைக்குன்னே தனியாப் போட்டுக் குடுத்திருக்காங்க. எல்னா லெஃப்ட்தானேம்மா?"

சம்பந்தி பஜ்ஜியை மெல்வதை நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தார். கர்னலும் மேடத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் சம்பந்தி சாகும் வரைக்கும் சிரிப்பார், அடுத்த தலைமுறைக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போவார். பொய் மேடத்தின் வாயில் வராது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"ஆமா சார். லெஃப்டுன்னு நெனச்சிதான் சார் நான் போட்டேன்."

அரிச்சந்திரன்கூட ஆட்சேபிக்க முடியாத வாக்கியம் அது. மேடத்தின் நெற்றிச் சுருக்கம் ஒன்று தளர்ந்ததை நான் கவனித்தேன்.

சம்பந்தி பேத்தியைப் பார்க்க உள்ளே போனதும், மேடம் கர்னலை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். மாற்று ஷாஃப்ட்டுகளைக் கொண்டுவந்திருக்கிறோம், மாலைக்குள் மாற்றி ஒட்டிவிட்டால் ஞாயிறுக்குள் காய்ந்துவிடும் என்றார். கர்னலின் மீசை முதலில் மேலே போனது, பிறகு கீழே வந்தது. என்னைப் பார்த்தார். அவர் போரில் எதிரிகளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"லேடீஸ்" என்றார்.

"ஆமா சார்."

"இருபது கஜம்" என்றார், மீசையைத் தடவியபடி.

"உங்க வீச்சு இப்ப கொஞ்சம் நிதானமாயிடுச்சு சார்" என்றார் மேடம். "நான் உங்களுக்குன்னு ஆர் எழுதினதே தப்பு. ஏ எழுதியிருக்கணும். உங்க மீசையப் பாத்து எழுதிட்டேன். எல் இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னா, விதியில எந்தத் தடையும் இல்ல. யார் வேணா எத வேணா வெச்சு ஆடலாம்."

கர்னல் வீட்டு வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்து சம்பந்தி, "கோமு... கோமளாக் குட்டி..." என்று குழந்தையைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. கர்னலின் தாடை இறுகியது.

"மாத்த வேணாம்" என்றார். "ஆனா அந்த எழுத்து தெரியக் கூடாது. அழிச்சிடுங்க."

"அச்ச அழிக்க மாட்டோம் சார். ஷாஃப்ட்டு மேலயே எழுதின ஜாதகம் அது" என்றார் மேடம். "ஆனா திருப்பிப் போடலாம். எழுத்து கீழ் பக்கமாப் போயிடும். வெளில பாக்கறவங்களுக்குத் தெரியாது."

சொல்வது சுலபம். கிராஃபைட் ஷாஃப்ட்டைக் கழற்றித் திருப்புவது லேசான காரியம் இல்லை. இரும்பு என்றால் நெருப்பைக் காட்டி ஒரு முறுக்கு முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். கிராஃபைட் சூட்டில் வெந்துவிடும், முறுக்கினால் நார் நாராகப் பிளந்துவிடும். வெப்பக் காற்று அடிக்கும் கருவியைத் தலைப்பக்கம் மட்டும் காட்டி, உள்ளே பசை இளகும் நேரம் பார்த்து, இழுப்பானில் பூட்டி, ஒரு நூல்கூடத் திரும்பாமல் நேராக இழுக்க வேண்டும். கிளப்புகளைப் பட்டறைக்கு எடுத்துவந்து பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். மேடம் வெப்பமானியோடு பக்கத்தில் நின்றார். "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப" என்பார். நான் இழுப்பானின் கைப்பிடியைச் சுற்றுவேன். தணிகாசலம் கிரிப்புக்குள் காற்றடித்து ஊதிக் கழற்றினான். "நல்ல கிரிப்பு அண்ணாத்தே, காத்து அடிச்சதுமே கயண்டுகினு வந்துருச்சு. உன் பசைதான் உடும்பு மாதிரி கீது" என்றான்.

உண்மைதான். நான் தாராளமாகப் போட்ட பசை என்னையே பழிவாங்கியது. மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் இளகுவது எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ஆறு ஷாஃப்ட்டுகள் உயிரோடு வந்தன. கடைசியாக ஏழாம் நம்பர் கிளப். சூடு ஏறியது, மேடம் இன்னும் 'இப்ப' என்று சொல்லவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. அரைச் சுற்று சுற்றிவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம். ஷாஃப்ட்டின் நுனி பிளந்துவிட்டது.

எல் அறையில் வேறு ஷாஃப்ட் இல்லை. மேடம், காலையில் நான் நெஞ்சோடு அணைத்துப் போன ஆர் ஷாஃப்ட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மறைக்காமல் கர்னலுக்குப் போன் செய்து அதையும் சொன்னார். நான்கு மணிக்கு ஏழு கிளப்புகளும் எழுத்தைக் கீழே வைத்துச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. 'நாளைக்கு வா' என்று மேடம் சொல்வாரா என்று காத்திருந்தேன். அவர் அப்படியும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "கர்னல் சார் ஞாயித்துக்கிழமை உங்கள மைதானத்துக்கு வரச் சொன்னாருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த 'ங்க' இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுக் குழிகளையும் நடந்தே பார்த்தேன். வெயிலில் அல்ல, பயத்தில் வியர்த்தது. சம்பந்தி சந்தேகப் பிராணி. இரண்டாவது குழியிலேயே, "என்ன சம்பந்தி, அன்னிக்கு எழுத்து இருந்துதே, இப்பக் காணோம்?" என்றார்.

"உள்ளதான் இருக்கு" என்றார் கர்னல்.

அவர் வீசியதைப் பார்த்திருக்க வேண்டும். நிதானமாகக் கோலைத் தூக்குவார், ஷாஃப்ட் லேசாக வளைந்து நிமிரும், பந்து கோயில் புறா மாதிரி எழும்பிப் போய் இறங்கும். ஒரே ஒரு தடவைதான் ஏழாம் நம்பரை எடுத்தார். அந்தப் பந்து நேராகக் குளத்துக்குள் போனது. மேடத்தின் சீட்டில் எழுதியிருந்தபடி, முறைப்படி, சரியாக ஆர் போட்ட ஒரே கிளப் அதுதான். கர்னல் அதைப் பைக்குள் திணித்துவிட்டு அதற்குப் பிறகு தொடவே இல்லை.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். சம்பந்தியின் பந்து குழியின் விளிம்பு வரை உருண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. கர்னல் குனிந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரியும். பந்து உள்ளே விழுந்தது. அறுபத்தெட்டு வயது மனிதர் புல்தரையில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். எனக்கு வேலை மிஞ்சும் என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

திங்கட்கிழமை குழந்தைக்குத் தையல்நாயகி என்று பெயர் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை சம்பந்தி பட்டறைக்கு வந்தார்.

"அவருக்கு என்ன போட்டீங்களோ அதையே எனக்கும் போடுங்க."

மேடம் தனியே அழைத்துப் போய், பொதுவாக எல் என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னார். சம்பந்தி வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். "எத்தனை கஜம் கூடும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுத்து கீழ்ப்பக்கமா இருக்கட்டும். சம்பந்திக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கர்னலோடு ஆடும் ஒரு பிரிகேடியர் வந்தார், ஒரு டாக்டர் வந்தார், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். ஒவ்வொருவரிடமும் மேடம் ஒளிக்காமல் சொல்வார். ஒவ்வொருவரும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "வெளில தெரிய வேணாம்" என்பார்கள். இப்படியே பதினாலு வருடம். எங்கள் பட்டறைக்கு வரும் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் லேடீஸ் ஷாஃப்ட் வைத்துத்தான் ஆடுகிறார்கள், கர்னலின் எழுத்தைப் பார்த்த சம்பந்தி நீங்கலாக, தான் ஒருவன்தான் அப்படி ஆடுவதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யார் பெயரையும் நான் எழுதவில்லை, ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கடைசி வாரத்தில் கர்னல் வந்தார். எண்பத்திரண்டு வயது, மீசை மட்டும் அப்படியே. கூடவே ஒரு பெண், பதினாலு வயது இருக்கும்.

"உன் பேர் என்னம்மா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"தையல்நாயகி. ஸ்கூல்ல எல்லாரும் டெய்லர்னு கூப்பிடறாங்க. எல்லாம் உங்களாலதான்னு தாத்தா சொன்னாரு."

"சாரிம்மா."

"பரவால்ல அங்கிள். கோமளவல்லியா இருந்தா கோமாளின்னு கூப்பிட்டிருப்பாங்க."

அவளும் இடது கை. தாத்தாவிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு, மாவட்டப் போட்டிக்குப் போகிறாள். மேடம் அவளைப் பத்துத் தடவை வீசச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். 'இடது கை. ஏழு கிளப். கிராஃபைட். எல்.' எழுத்து போட்ட கடைசிச் சரக்கில் எல் அறையில் ஏழு ஷாஃப்ட்டுகள் மிச்சம் இருந்தன.

பசையை அளவோடு கலந்தேன். முதல் ஷாஃப்ட்டை எடுத்து, பழக்க தோஷத்தில் எழுத்தைக் கீழே திருப்பினேன்.

"எதுக்கு அங்கிள் திருப்பறீங்க?" என்றாள் தையல்நாயகி. "எழுத்து மேல தெரியற மாதிரி போடுங்க. என்ன, அதுல என்ன இருக்கு?"

கர்னல் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். நான் திருப்பிய ஷாஃப்ட்டை நிமிர்த்தினேன். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு எல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது.

மேடம் சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு தடவை இடது கை என்ற வார்த்தையை, ஒரு தடவை எல் என்ற எழுத்தை.

"டேய் குணா, எல்னா லெஃப்டுன்னு கடைசில நிரூபிச்சிட்டடா" என்றார். பிறகு புன்னகையோடு, குரலைத் தாழ்த்தி, "டீ சாப்பிடறியா?" என்றார்.

தணிகாசலம் கிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டான். நான் நகரவில்லை.

"பன்னும் சொல்லுங்க மேடம்" என்றேன்.